கணக்கை முடித்த தேதி: 1952 லண்டன் புகைப்பனியில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

1952 டிசம்பர் 13ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் பெருநகர லண்டனில் 4,703 இறப்புகள் பதிவாயின. முந்தைய ஆண்டின் அதே வாரத்தில் பதிவானவை 1,852. நகரத்தின்மீது குண்டு விழவில்லை, காலரா வரவில்லை. காற்று ஐந்து நாள் அசையாமல் நின்றது, நகரம் எப்போதும்போல நிலக்கரியை எரித்தது. நடந்தது அவ்வளவுதான்.

அந்தப் புகைப்பனி எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது? பிரிட்டன் சுகாதார அமைச்சகத்தின் 1954ஆம் ஆண்டு அறிக்கை ஏறத்தாழ 4,000 என்றது. மிஷெல் பெல், தேவ்ரா டேவிஸ் என்னும் ஆய்வாளர்கள் 2001இல் அந்தக் காலத்து இறப்புப் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து சுமார் 12,000 என்றார்கள். பதிவான இறப்புகள் மாறவில்லை. அவற்றிலிருந்து பெற்ற விடை மும்மடங்காகிவிட்டது. இதைப் புள்ளியியலாளர்களுக்கிடையிலான தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வரும் கேட்டை எந்தத் தேதிவரை, எந்த எல்லைவரை, எந்த நோயின் பெயரில் கணக்கெழுதுவது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

ஐந்து நாட்கள்

அந்த டிசம்பரின் தொடக்கமே கடுங்குளிர். வீடுகளில் கணப்பு அணையாமல் எரிந்தது. 5ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, தேம்ஸ் பள்ளத்தாக்கின்மேல் உயர் காற்றழுத்தம் வந்து நிலைகொண்டது. வழக்கமாகத் தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே போகப்போகக் குளிர்ந்தும் இருக்கும். அதனால் புகை மேலெழுந்து கலையும். அன்று இந்த வரிசை தலைகீழானது. தரையிலிருந்த குளிர்ந்த ஈரக்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் படிந்தது. லட்சக்கணக்கான வீட்டுப் புகைபோக்கிகளும் ஆலைகளும் மின்நிலையங்களும் கக்கியதெல்லாம் 100 முதல் 200 மீட்டர் ஆழமுள்ள அந்தத் தொட்டிக்குள்ளேயே தேங்கியது. பனித்துளிகளில் கரைந்த கந்தக டை ஆக்சைடு அமிலமாக மாறியது. இந்த மாற்றத்துக்கு நிலக்கரிப் புகையிலேயே இருந்த நைட்ரஜன் டை ஆக்சைடு துணைசெய்தது என்பதை விளக்கும் வேதியியல் ஆய்வு 2016இல்தான் வந்தது.

லண்டன்காரர்களுக்கு மூடுபனி புதிதல்ல. புகையையும் பனியையும் குறிக்கும் இரு சொற்களை ஒட்டி ‘ஸ்மாக்’ என்ற சொல்லை 1905இல் பரப்பியவரே அந்நகரத்து மருத்துவர் ஒருவர்தான். ஆகவே முதல் நாள் யாரும் பதறவில்லை. அடுத்த நாட்களில் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறத்தாழ இரண்டு நாள் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் நடந்தவர்களுக்குத் தங்கள் பாதமே தெரியவில்லை. பேருந்துகள் நின்றன. அவ்வாண்டு ஜூலையில்தான் நகரின் கடைசி மின் டிராம் ஓய்வுபெற்று, அதன் இடத்துக்கு டீசல் பேருந்துகள் வந்திருந்தன. ஆம்புலன்ஸ்களும் ஓடவில்லை, மூச்சுத் திணறியவர்கள் தாங்களாகவே மருத்துவமனையைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்த இசை நாடகம், புகை உள்ளே புகுந்ததால் முதல் அங்கத்தோடு நிறுத்தப்பட்டது.

எர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த கால்நடைக் கண்காட்சிக்கு வந்திருந்த மாடுகளில் சில மூச்சுத் திணறி இறந்தன. பரிசுக்கென வளர்க்கப்பட்டு, அடிக்கடி தொழுவம் கழுவப்பட்ட மாடுகளே அதிகம் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அழுக்கான கொட்டிலில் நின்றவற்றுக்கு, சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா காற்றின் அமிலத்தை ஓரளவு முறித்திருக்கலாம் என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். செய்தித்தாள்களும் மனித இறப்புகளுக்கு முன்பே மாடுகளைப் பற்றி எழுதின. மாடுகள் ஒரே கூரையின்கீழ், எல்லோர் கண்ணெதிரிலும் விழுந்தன. மனிதர்கள் அவரவர் வீட்டில், அவரவர் படுக்கையில் இறந்தார்கள். சவப்பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், இறுதிச் சடங்குக்குப் பூ கிடைக்காமல் போனதும்தான் பலருக்கு முதல் அறிகுறி. மூச்சுக்குழல் அழற்சியாலும் நிமோனியாவாலும் இறந்தோர் தொகை ஏழு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த கிழக்கு லண்டனில் மொத்த இறப்பு வீதமே ஒன்பது மடங்கானது.

வீட்டுக்கு வந்த கரி

அன்றைய கணப்புகளில் எரிந்தது நல்ல நிலக்கரி அல்ல. போர் முடிந்து ஏழாண்டுகள் ஆகியும் பிரிட்டனில் நிலக்கரி பங்கீட்டில்தான் கிடைத்தது. அந்தப் பங்கீடு 1958வரை நீடித்தது. 1946இல் அமெரிக்காவிடம் வாங்கிய பெருங்கடன் தலைமேல் இருந்தது. அந்நியச் செலாவணி ஈட்டுவதற்காகத் தரமான கரி கப்பலேறியது. உள்நாட்டு மக்களுக்கு ‘நட்டி ஸ்லாக்’ என்று அழைக்கப்பட்ட, தூளும் சிறு கட்டிகளும் கலந்த மட்டக்கரி எஞ்சியது. அரசு அதற்குப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை நீக்கி, வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அந்த விலக்கு நடைமுறைக்கு வந்த நாள் 1952 டிசம்பர் 1. புகைப்பனி இறங்கியது நான்கு நாள் கழித்து.

இந்தத் தேதிப் பொருத்தத்தை மட்டும் வைத்து அரசே கொன்றது என்று வாதிடுவது மிகை. மட்டக்கரி அதற்கு முன்பும் எரிந்தது. காற்று நின்றது அரசின் செயலல்ல. ஆனாலும் பொருளாதார முடிவுக்கும் நுரையீரலுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறைவு என்பதை இது காட்டுகிறது. நாட்டின் வரவுசெலவுக் கணக்கில் ஏற்றுமதிக் கரி வருமானமாக எழுதப்பட்டது. வீட்டில் எரிந்த கரியின் செலவு அதே பேரேட்டில் இடம்பெறவில்லை.

இடம்பெற்றபோது அந்தத் தொகை அரசையே திகைக்க வைத்திருக்க வேண்டும். பொறியாளர் ஹியூ பீவர் தலைமையில் 1953இல் அமைக்கப்பட்ட குழு, காற்று மாசால் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு 25 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. துருப்பிடித்த இரும்பு, கறுத்த கட்டடங்கள், துவைக்கும் செலவு, வீணான எரிபொருள் எல்லாம் அதில் அடக்கம். நாட்டில் எரிந்த கரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வீடுகளில் எரிந்தது. வெளியான புகையிலோ பாதியை நெருங்கிய பங்கு வீடுகளுடையது என்றும் அக்குழு கண்டது. வீட்டுக் கணப்பு அரைகுறையாக எரிப்பதுதான் காரணம்.

அந்தக் குழு எளிதில் அமைந்துவிடவில்லை. வீட்டுவசதி அமைச்சராக இருந்த ஹெரால்டு மேக்மில்லன், பெரிதாக எதுவும் செய்ய முடியாது, ஆனால் மும்முரமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம் என்னும் பொருள்பட அமைச்சரவைக்குக் குறிப்பு எழுதினார். அரசு தயங்கியதால், ஜெரால்டு நபாரோ என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் அழுத்தத்தில்தான் 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

டிசம்பர் 20

இனி அந்த இரண்டு எண்கள்.

புகைப்பனி 9ஆம் தேதி கலைந்தது. இறப்புகள் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. டிசம்பர் முழுவதும் இயல்பைவிட அதிகமானோர் இறந்தனர். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அது தொடர்ந்தது. எனவே ஆய்வாளருக்கு ஒரு கேள்வி எழும். எந்த நாள்வரை இறந்தவர்களைப் புகையின் கணக்கில் சேர்ப்பது? அமைச்சக அறிக்கை டிசம்பர் 20ஐ எல்லையாக வைத்தது. அதற்குப் பிந்தைய மிகை இறப்புகளை இன்ஃப்ளுவென்சா காய்ச்சலின் கணக்கில் எழுதியது. இந்தப் பிரிப்பில்தான் 4,000 கிடைத்தது.

அந்தக் காலத்திலேயே இதை எல்லோரும் ஏற்கவில்லை. காற்று மாசை அளந்துவந்த அரசு விஞ்ஞானி வில்கின்ஸ், அடுத்த மாதங்களில் மேலும் சுமார் 8,000 மிகை இறப்புகள் விளக்கமின்றி நிற்பதை 1954இலேயே சுட்டினார். அவர் எழுப்பிய ஐயம் அரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்தது. பெல்லும் டேவிஸும் அதைத்தான் மீண்டும் எடுத்தார்கள். 2004இல் டோனி ஃப்ளெட்சருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் இன்ஃப்ளுவென்சா வாதத்தை நேரடியாகச் சோதித்தார்கள். காய்ச்சல் அந்த மிகை இறப்புகளில் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகிறது. முழுவதையும் விளக்க வேண்டுமானால் அக்குளிர்காலக் காய்ச்சல் சான்றுகள் காட்டுவதைவிடப் பன்மடங்கு கொடியதாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

எதிர்வாதங்களையும் எடைபோட வேண்டும். இறந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், நோயாளிகள். எப்படியும் சில வாரங்களில் இறந்திருக்கக்கூடியவர்களைப் புகைப்பனி கொஞ்சம் முன்னதாகக் கொண்டுபோனது என்பார்கள் சிலர். அது உண்மையானால், அவர்கள் இறந்து தீர்ந்தபின் ஜனவரியில் இறப்புகள் இயல்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, மேலேயே நின்றன. இந்த ஒரு செய்தியே அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. தவிரவும், இறந்தவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட நேர்மையானது. காய்ச்சல் உண்மையிலேயே பரவியது, குளிரும் இருந்தது. ஒரு மனிதரின் இறப்பில் புகைக்கு எவ்வளவு பங்கு, கிருமிக்கு எவ்வளவு பங்கு என்று அறுத்துப் பார்க்க முடியாது. இது சரியே. ஆனால் இதே காரணத்தால்தான் காய்ச்சலின் பெயரில் எழுதியதும் ஐயத்துக்குரியதாகிறது. ஐந்து நாள் அமிலத்தைச் சுவாசித்துப் புண்ணான நுரையீரலில் மூன்று வாரம் கழித்துக் கிருமி நுழைந்தால், அந்த இறப்பு யாருடைய கணக்கு? 12,000 என்பதை மேல்வரம்பாகக் கொள்வது பொருந்தும். டிசம்பர் 20 என்ற எல்லைக்கோட்டுக்கோ மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

உடலும் சான்று சொல்லியிருக்கிறது. அந்தப் புகைப்பனியில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்கள் லண்டன் மருத்துவமனை ஒன்றின் காப்பறையில் இருந்தன. 2003இல் அவற்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் மிக நுண்ணிய கரித்துகள்களையும் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களையும் கண்டார்கள். பிழைத்தவர்களின் கதை அங்கே முடியவில்லை. அந்த டிசம்பரில் கைக்குழந்தைகளாக லண்டனில் இருந்தவர்கள், வேறு ஊர்களில் பிறந்த தம் வயதினரைவிட அதிகமாக ஆஸ்துமாவுக்கு ஆளாகியிருந்தார்கள் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இவர்களையும் சேர்த்தால் கணக்கு 1953 பிப்ரவரியில்கூட முடிவதில்லை.

முன்னெச்சரிக்கை இருக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். இருந்தது. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் இதேபோன்ற புகைப்பனியில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த லியேஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஃபிர்க்கே, இது லண்டனில் நேர்ந்தால் சுமார் 3,200 பேர் திடீரென இறக்கக்கூடும் என்று மக்கள்தொகை விகிதப்படி கணித்து எழுதினார். பல ஆண்டுகளாக அந்த எண் அச்சில் இருந்தது.

யாரும் சரிபார்க்காத வாயு

லண்டன் புகைப்பனியைப் பற்றிய குறிப்புகள் பலவற்றில், பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் விளக்கம் உட்பட, ஒரு பட்டியல் திரும்பத் திரும்ப வருகிறது. புகைப்பனி நீடித்த ஒவ்வொரு நாளும் காற்றில் கலந்தவை: 1,000 டன் புகைத்துகள், 2,000 டன் கரியமில வாயு, 140 டன் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 14 டன் ஃப்ளோரின் சேர்மங்கள், கூடவே 370 டன் கந்தக டை ஆக்சைடு 800 டன் கந்தக அமிலமாக மாறியது.

இந்தப் பட்டியலைப் பள்ளி வேதியியலை வைத்தே சோதிக்கலாம். 370 டன் கந்தக டை ஆக்சைடு ஒரு துளி மிச்சமின்றி மாறினாலும் கிடைக்கும் கந்தக அமிலம் 570 டன்னைத் தாண்டாது. கரியமில வாயுவின் எண் இன்னும் பொருந்தாதது. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வரும். அப்படியானால் 2,000 டன் வாயுவுக்கு எரிந்த கரி 1,000 டன்னுக்கும் குறைவு. எண்பது லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில், நடுங்கும் குளிரில், மின்நிலையங்களையும் சேர்த்து, தலைக்கு ஒரு கைப்பிடிக் கரிகூட இல்லை என்றாகிறது. அந்த எண் உண்மையைவிடப் பல மடங்கு சிறியதாகத்தான் இருக்க முடியும். இத்தனை ஆண்டுகள் அது கேள்வியின்றி மறுபதிப்பானதற்கு ஒரு காரணம் புலப்படுகிறது. துகளும் கந்தகமும் கொன்றன. ஆகவே அவற்றை ஆராய்ந்தார்கள். கரியமில வாயு அன்று யாரையும் இருமவைக்கவில்லை.

அதைக் கணக்கிட்டவர் ஒருவர் அதே நாட்டில் இருந்தார். நீராவிப் பொறியாளரான கை காலண்டர் 1938இலேயே அரச வானிலையியல் கழகத்தில் கட்டுரை படித்திருந்தார். முந்தைய அரை நூற்றாண்டில் எரிபொருள்கள் 15,000 கோடி டன் கரியமில வாயுவைக் காற்றில் சேர்த்துள்ளன, உலகம் அதனால் சூடாகிவருகிறது என்பது அவர் வாதம். அந்த வெப்பம் பனியுகம் திரும்பாமல் காத்து வேளாண்மைக்கு உதவும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. அவர் போட்ட கணக்கின் திசை பொய்க்கவில்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அது புகையற்ற பகுதிகளை உருவாக்கியது. கணப்பை மாற்ற மானியம் தந்தது. லண்டன் வானம் படிப்படியாகத் தெளிந்தது. உடனே அல்ல: 1962 டிசம்பரில் இன்னொரு புகைப்பனி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. ஆனாலும் அந்தச் சட்டம் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். அது எதைத் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாடு 22.1 கோடி டன்னாக உச்சத்தைத் தொட்டது அதே 1956இல். வீட்டுக் கணப்பிலிருந்து வெளியேறிய கரி மின்நிலையத்துக்குப் போனது. வீட்டுக்குள் வட கடல் எரிவாயு வந்தது. கண்ணுக்குத் தெரிந்த புகை விலகியது, தெரியாதது தொடர்ந்து சேர்ந்தது.

உயரமான புகைபோக்கி

கந்தகத்தை நீக்கும் வழி அப்போதே தெரிந்திருந்தது. 1933இல் திறக்கப்பட்ட பேட்டர்சீ மின்நிலையம், மக்கள் எதிர்ப்புக்குப் பணிந்து, புகையைத் தேம்ஸ் நீரால் கழுவி வெளியேற்றியது. முறையில் குறைகள் இருந்தன. கழுவிய புகை குளிர்ந்து தரைக்கே இறங்கியது, கழிவுநீர் ஆற்றில் கலந்தது. போருக்குப்பின் கட்டப்பட்ட பெருநிலையங்கள் மலிவான மாற்றைத் தேர்ந்தன: புகைபோக்கியை உயர்த்துவது. யார்க்ஷயரின் டிராக்ஸ் நிலையத்துப் புகைபோக்கியின் உயரம் 259 மீட்டர். அக்கம்பக்கத்து ஊர்களின் காற்று தப்பியது. கந்தகம் வட கடலைத் தாண்டி நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் அமில மழையாக இறங்கி மீன்களை அழித்தது. ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாண்டே ஓடென் 1967இல் இதை உலகறியச் சொன்ன பிறகு, 1979இல் எல்லை தாண்டும் காற்று மாசுக்கான ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தாகப் பன்னிரண்டு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. லண்டனில் தேதியால் வெட்டப்பட்ட கணக்கு, இங்கே நாட்டு எல்லையால் வெட்டப்பட்டது.

கந்தகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சல்ஃபேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி, புவி வெப்பத்தின் ஒரு பகுதியை மறைக்கின்றன. கந்தக டை ஆக்சைடு மறைத்திருக்கும் வெப்பம் சுமார் அரை டிகிரி என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு. ஆகவே கந்தகத்தை விட்டுவைக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும் துகளையும், நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் கரியமில வாயுவையும் ஒரே தராசில் வைக்கும் வாதம் இது. அந்தத் தராசின் ஒரு தட்டில் மனிதர்களின் மூச்சு இருக்கிறது.

இந்தியாவுக்கு இது பழங்கதை அல்ல. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. 2015வரை அனல் மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு வெளியீட்டுக்கு வரம்பே இல்லை. புகைபோக்கி இத்தனை மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் இருந்தது. 2015 டிசம்பரில் வெளியீட்டு வரம்பு அறிவிக்கப்பட்டு, இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. அவகாசம் மீண்டும் மீண்டும் நீண்டது. கடைசியில் 2025 ஜூலையில் வந்த ஆணை, சுமார் 78 விழுக்காடு மின் அலகுகளுக்குக் கந்தக நீக்கக் கருவி தேவையில்லை என்று விலக்களித்தது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்கு ஆகும் செலவு மின்கட்டணத்தில் ஏறும், கருவி பொருத்திய நிலையங்களுக்கும் பொருத்தாதவற்றுக்கும் அருகிலுள்ள ஊர்களின் காற்றில் கந்தக டை ஆக்சைடு அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்பவை விலக்குக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டவை.

செலவு பற்றிய கவலை நியாயமானது. ஏழை வீட்டின் மின்கட்டணம் அற்பமான விஷயமல்ல. கடைசி வாதத்தில்தான் லண்டன் கணக்கின் பிழை திரும்புகிறது. புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடு, வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் சல்ஃபேட் நுண்துகளாக மாறி, வேறோர் ஊரில், வேறோர் பெயரில் அளக்கப்படுகிறது. நிலையத்தின் அருகே வாயுவை மட்டும் அளந்தால் அது கணக்கில் வராது.

சான்றிதழில் ஒரு வரி

1952இல் லண்டன் மருத்துவர்கள் எழுதிய இறப்புச் சான்றிதழ்களில் மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, இதய நோய் என்று இருந்தது. புகை என்ற சொல் அவற்றில் நோய்க்காரணமாக இடம்பெறும் வழக்கமில்லை. அந்தச் சொல்லைத் தனிமனிதரின் சான்றிதழில் ஏற்ற அந்நகரத்துக்கு இன்னும் அறுபத்தெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

2013 பிப்ரவரியில், தென்கிழக்கு லண்டனில் வாகன நெரிசல் மிகுந்த சாலைக்கு அருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் சுவாசித்தது நிலக்கரிப் புகையல்ல. பெரும்பகுதி வாகனப் புகை. 2014இல் நடந்த முதல் விசாரணை, மூச்சுச் செயலிழப்பும் கடும் ஆஸ்துமாவும் காரணம் என்று முடித்தது. தாய் அதை ஏற்காமல் போராடினார். 2019இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துசெய்தது. 2020 டிசம்பரில், இரண்டு வார மறுவிசாரணைக்குப்பின், மரண விசாரணை அதிகாரி பழைய இரண்டு காரணங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு கீழே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: காற்று மாசுக்கு ஆட்பட்டமை.